கணக்குத் திறப்பது சுலபம். டேலி செய்வதுதான் வேலை

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் விட்டுப்போன சில விவரங்களை இதில் சேர்த்திருக்கிறேன்.)

 இளைஞர்கள் வழக்கமாகக் கூட்டம் முடிந்து சுண்டல் கொடுக்கும் நேரத்துக்குத்தான் வருவார்கள். இன்று முதலிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 

சென்ற கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது பி பிளாக் மேடம் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், என் பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஏதோ கம்ப்யூட்டர் கேமுக்கு வேலை செய்யறான். சம்பளம் கிடையாதாம். சரி, விளையாடறானான்னு பார்த்தா அதுவும் இல்ல. யாரோ பண்ணின தப்பைத் திருத்திக்கிட்டு இருக்கானாம். நீங்களும் அந்த மாதிரி கேம் ஆடுவீங்களாமே, இதுல என்னதான் இருக்கு?"

நின்றபடியே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அடுத்த கூட்டத்தில் பத்து நிமிஷம் வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் தாராளமாக இருபது நிமிஷம் கொடுத்துவிட்டார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து 37 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் பாதி கம்ப்யூட்டர், பாதி கணக்கு. கணக்குப் பாதியை என்னால் பேச முடியும்.

இலவச விளையாட்டு என்றால்

ஓய்வு பெற்ற புதிதில் பொழுது போகவில்லை. என் தங்கை மகன் வந்தபோது என் லேப்டாப்பில் 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது. கட்டங்கள் சதுரமாக இல்லாமல் தேன்கூடு மாதிரி ஆறு பக்கம். ஆட்டத்துக்குள் பகலும் இரவும் மாறி மாறி வரும். சில படைகளுக்குப் பகலில் பலம், சிலவற்றுக்கு இரவில் பலம். அவசரப்படுத்தாது. நாம் யோசித்து நகர்த்தும் வரை காத்திருக்கும். என் வயதுக்கு அது பெரிய சௌகரியம். கொன்ராட் என்ற இளவரசனை அரியணையில் உட்கார வைக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

இதை 2003-இல் டேவிட் வைட் என்பவர் தொடங்கினார். 1.0 பதிப்பு 2005 அக்டோபரில் வந்தது. விலை கிடையாது. அதைவிட முக்கியம், இதன் நிரல் திறந்தே இருக்கிறது. ஜி.பி.எல். என்ற உரிமத்தில் கொடுத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மாற்றிக் கொடுத்தால் மாற்றிய நிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதுதான் ஓப்பன் சோர்ஸ்.

இருபது வருஷத்துக்கு மேலாக இதைச் செய்து வருபவர்கள் பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள். ஒருவர் நிரல் எழுதுவார், ஒருவர் படம் வரைவார், ஒருவர் இசை, ஒருவர் மொழிபெயர்ப்பு. பகலில் வேறு பிழைப்பு, ராத்திரியில் இது. இதில் மேனேஜர் கிடையாது. "இதை நாளைக்குள் முடித்துக் கொடு" என்று யாரும் யாரையும் சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் அவர் வரமாட்டார்.

கம்பெனியில் சலிப்பான வேலையைச் செய்யச் சம்பளம் இருக்கிறது. இங்கே அவரவருக்குப் பிடித்ததை எடுத்துச் செய்கிறார்கள். பெரும்பாலும் எல்லோருக்கும் பிடிப்பது புதிதாக ஒன்றைச் சேர்ப்பது. பழையதைத் துடைத்து வைக்க யாருக்கும் உடனே கை வராது. நம் வீட்டிலும் அப்படித்தானே?

நான் எழுதிய கோபக் கடிதம்

வேறொரு இலவச விளையாட்டு, பெயர் வேண்டாம். புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்றதும் போட்டேன். இரண்டு மாதமாக ஆடிப் பத்திரமாகச் சேவ் செய்து வைத்திருந்த ஆட்டம் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் உட்கார்ந்து ஒரு புகார் எழுதினேன். "பொறுப்பில்லாமல் வெளியிட்டிருக்கிறீர்கள், சோதித்துப் பார்க்கக்கூட ஆள் இல்லையா" என்கிற ரீதியில்.

மறுநாளே பதில் வந்தது. எந்தப் பதிப்பு, என்ன கம்ப்யூட்டர், அந்தச் சேவ் ஃபைலை அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, கோளாறைக் கண்டுபிடித்துவிட்டதாகவும் அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்றும் எழுதினார். கடைசியில் ஒரு வரி: குழந்தை தூங்கிய பிறகுதான் உட்கார முடிகிறது, தாமதத்துக்கு மன்னிக்கவும்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. 37 வருஷம் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கியவன் நான். வெளிப்பக்கம் வந்த உடனே அதையே ஒரு மனிதருக்குச் செய்திருக்கிறேன். அதுவும் சம்பளம் வாங்காத மனிதருக்கு.

பிறகு அந்தக் கோளாறு எப்படி வந்தது என்று தங்கை மகனை வைத்துப் படித்துப் பார்த்தேன். ஒருவர் புது வசதி ஒன்றைச் சேர்த்திருக்கிறார். எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். அந்த வசதிக்காக, சேவ் செய்யும் முறையில் ஒரு சின்ன மாற்றம். பழைய ஃபைல்களைத் திறக்கும்போது என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. சேர்த்தவர் ஆறு மாதத்தில் விலகிப் போய்விட்டார். எனக்குப் பதில் எழுதியவர் வேறு ஒருவர். பாராட்டு ஒருவருக்கு, என் திட்டு இன்னொருவருக்கு.

ஹெட் ஆபீஸின் புதுத் திட்டம்

எங்கள் காலத்தில் ஹெட் ஆபீஸிலிருந்து அடிக்கடி புது டெபாசிட் திட்டம் வரும். வாசலில் பேனர், வருகிறவர்களுக்கு இனிப்பு, மேனேஜரோடு போட்டோ. திட்டத்துக்கு ஒரு புது லெட்ஜர் போடுவோம். ஆறு மாதத்தில் ஆர்வம் குறைந்துவிடும். கணக்கு இருபதைத் தாண்டாது. ஹெட் ஆபீஸும் வேறு திட்டத்துக்குப் போய்விடும்.

ஆனால் அந்த லெட்ஜர் போகாது. மாதாமாதம் அதை பேலன்ஸ் செய்து ஜெனரல் லெட்ஜரோடு ஒப்பிட வேண்டும். அந்தத் திட்டத்துக்கு மட்டும் வட்டி போடும் விதி தனி. அது ஒரே ஒரு கிளார்க்குக்குத்தான் மனப்பாடம். அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் அடுத்தவர் விழிப்பார். வித்தியாசம் வந்தால் ராத்திரி எட்டு மணி வரை தேட வேண்டும். வித்தியாசத் தொகை ஒன்பதால் வகுபட்டால், யாரோ 63-ஐ 36 என்று மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு என்று தேடுவோம். அப்படி ஒரு தொழில் சூட்சுமம். கடைசிக் கணக்கு முடியும் வரை, பத்து வருஷமானாலும், அந்த லெட்ஜர் யாரோ ஒருவர் தலையில் இருக்கும். திட்டம் தொடங்கிய அன்று பேனர் கட்டினார்கள். டேலி ஆன அன்று யாரும் பேனர் கட்டியதில்லை.

பி.காம். முதல் வருஷத்தில் முதல் பாடம் இரட்டைப் பதிவு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. இலவச விளையாட்டில் ஒரு புது அம்சம் வரும்போது அதை எல்லோரும் சொத்துப் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில், பொறுப்பு என்ற தலைப்பில், அதே அளவு ஒரு பதிவு போட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இனி வருகிற வருஷங்களில் யாரோ செலவழிக்க வேண்டிய ராத்திரிகள்தான் அந்தப் பொறுப்பு.

ஒரு உதாரணம். வெஸ்னாத் மாதிரி விளையாட்டில் ஒரு வீரனுக்குப் புதிதாக ஒரு சக்தி கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் ஐம்பது வரிதான், இரண்டு நாளில் எழுதிவிடலாம். அதற்குப் பிறகு என்னென்ன பார்க்க வேண்டும்?

கம்ப்யூட்டர் எதிராளிக்கு அந்தச் சக்தி புரிய வேண்டும். இல்லாவிட்டால் அது முட்டாள்தனமாக வந்து மாட்டிக்கொள்ளும். பழைய சேவ் ஃபைல்கள் திறக்க வேண்டும். ஏற்கெனவே எழுதிய கதை ஆட்டங்கள் மிகச் சுலபமாகவோ மிகக் கஷ்டமாகவோ ஆகிவிடக் கூடாது. உதவிப் பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டும். அதைப் பல மொழிகளில் பெயர்க்க வேண்டும். இணையத்தில் இருவர் ஆடும்போது இருவர் கம்ப்யூட்டரிலும் ஒரே கணக்கு வர வேண்டும். வெஸ்னாத்தில் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும் ஆட்டத்தைத் தானே கணக்குப் போட்டு நடத்துகிறது. ஒருவருக்கு ஒரு புள்ளி மாறினாலும் 'ஒத்திசைவு இல்லை' என்று வந்துவிடும். பாஸ்புக்கும் லெட்ஜரும் வேறு வேறு தொகை காட்டுகிற மாதிரி.

ஐம்பது வரி எழுதியவர் ஒருவர். இந்த ஆறு வேலையும் ஆறு பேருடையது. அவர்களில் யாரும் அந்தச் சக்தி வேண்டும் என்று கேட்டவர்கள் இல்லை.

எதையும் சேர்க்காவிட்டாலும் வேலை இருக்கிறது

சரி, புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், இருப்பதை அப்படியே வைத்துக்கொள்வோம் என்றால் பராமரிப்பு குறையுமா? ஒரு வருஷம் பூட்டி வைத்த வீட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். யாரும் தொடாத குழாய்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

இந்த விளையாட்டுகள் தனியாக நிற்பவை அல்ல. திரையில் படம் காட்டுவதற்கும், ஒலிக்கும், மவுஸுக்கும் எஸ்.டி.எல். என்ற ஒரு பொது நிரல் தொகுப்பைப் பல விளையாட்டுகள் பயன்படுத்துகின்றன. அதன் 1.2 பதிப்பிலிருந்து 2-ஆம் பதிப்புக்கு உலகம் மாறியது. வெஸ்னாத்தும் மாற வேண்டியதாயிற்று. ஆடுகிறவர் கண்ணுக்கு இதில் புதிதாக ஒன்றும் பெரிதாகத் தெரியாது. உள்ளே அத்தனை ஒயரிங்கையும் பிரித்து மாட்டியிருக்கிறார்கள். அந்தக் காலகட்டத்தில் 1.12 பதிப்பு 2014 நவம்பரில் வந்தது. அடுத்த நிலையான பதிப்பான 1.14 வந்தது 2018 மே மாதம்தான். மூன்றரை வருஷம்.

இன்னொன்று 'ஜீரோ ஏ.டி.' என்ற விளையாட்டு. பழங்கால அரசுகளைக் கட்டி ஆள்வது. 2001-இல் யோசனையாகத் தொடங்கி, 2009-இல் நிரலைத் திறந்து வைத்தார்கள். அதன் ஆட்ட விதிகளில் பெரும்பகுதி ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. அதை இயக்க ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் இருக்கும் ஸ்பைடர்மங்கி என்ற இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் அதை வேகமாக மாற்றிக்கொண்டே போனார்கள். விளையாட்டு 38-ஆம் பதிப்பிலேயே தங்கிவிட்டது. 2021 பிப்ரவரியில் வந்த ஆல்ஃபா 24-இல்தான் ஒரே தாவலாக 78-க்கு வந்தார்கள். அதற்கு முந்தைய ஆல்ஃபா 23 வந்தது 2018 மே மாதம். வருஷா வருஷம் கட்டாமல் விட்ட தவணையை மொத்தமாகக் கட்டினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பைத்தான் என்ற மொழியின் 2-ஆம் பதிப்புக்கு 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு முடிந்தது. அதில் சின்னச் சின்னக் கருவிகள் எழுதி வைத்திருந்த எல்லாத் திட்டங்களிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அவற்றை மாற்றி எழுத வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் கைதட்டல் கிடையாது.

அப்படியானால் புதியது வேண்டாமா?

இவ்வளவு கேட்ட பிறகு, புது அம்சங்களையே தடுத்துவிட வேண்டும் என்று சொல்லப் போகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அந்தப் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது.

'நெட்ஹேக்' என்று ஒரு பழைய விளையாட்டு. 1987-இல் வந்தது. எழுத்துகளாலேயே வரைந்த நிலவறைக்குள் இறங்கிப் போவது. 2003 டிசம்பரில் அதன் 3.4.3 பதிப்பு வந்தது. அதற்கு அடுத்த அதிகாரபூர்வப் பதிப்பான 3.6.0 எப்போது வந்தது தெரியுமா? 2015 டிசம்பரில். பன்னிரண்டு வருஷம்.

இடைப்பட்ட காலத்தில் ஆடியவர்கள் சும்மா இருக்கவில்லை. நிரல் திறந்திருக்கிறதே. அதை எடுத்துத் தங்கள் யோசனைகளைச் சேர்த்துத் தனித்தனி வடிவங்களாக வெளியிட்டார்கள். ஆர்வமுள்ள புது ஆட்கள் அந்தந்தப் பக்கம் போனார்கள். 2015-இல் மூலக் குழு மறுபடியும் பதிப்பு வெளியிட்டபோது, வெளியே வளர்ந்தவற்றில் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பதிப்பில் பெரும்பாலும் அஸ்திவார வேலைதான்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். புது அம்சம் என்பது ஆட்டக்காரர்களுக்கு மட்டுமல்ல, அது புதுத் தன்னார்வலர்களை உள்ளே இழுக்கும் வாசல். "வாருங்கள், பழைய பிழைகள் நிறைய இருக்கின்றன, திருத்தலாம்" என்று அழைத்தால் இருபது வயதுப் பையன் வருவானா? "உன் யோசனையைச் சேர்க்கலாம்" என்றால் வருவான். வந்தவர்களில் சிலர் தங்கி, பிறகு பராமரிப்பையும் கற்றுக்கொள்வார்கள். வாசலை அடைத்துவிட்டால் இருக்கிற நாலு பேருக்கும் வயதாகும். வெறும் பராமரிப்பும் ஒரு திட்டத்தை மெதுவாகக் காய வைத்துவிடும்.

அவர்கள் எப்படிச் சமன் செய்கிறார்கள்

உத்தரவு போட முடியாதவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தபோது எனக்கு மரியாதை வந்தது. நாலு ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரத்தைப் பிரித்துக்கொள்வது. வெஸ்னாத்தில் 1.14, 1.16, 1.18 என்று இரட்டைப்படை எண்கள் நிலையான பதிப்புகள். 1.15, 1.17 போன்ற ஒற்றைப்படை எண்கள் சோதனைக்கானவை. புதிய சோதனைகள் எல்லாம் ஒற்றைப்படையில். இரட்டைப்படை வந்த பிறகு அந்த வரிசையில் பிழை திருத்தத்துக்குத்தான் முதலிடம். சேவ் செய்த ஆட்டமும் இணைய ஆட்டமும் உடையும்படி எதையும் மாற்றுவதில்லை. இரட்டைப்படை வெளிவருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு புது அம்சங்களை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு வாசகங்களையும் நிறுத்துகிறார்கள். மொழிபெயர்ப்பவர்கள் பெயர்த்துக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் மாறக் கூடாது அல்லவா? மார்ச் 31 நெருங்கும்போது எங்கள் கிளையில் புது விஷயம் எதையும் தொடமாட்டோம். அதே முறைதான்.

இரண்டாவது, வெளி முற்றம். எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவராமல் முற்றத்தில் வளர விடுவது. வெஸ்னாத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் கதையை, படைகளை, வரைபடத்தை எழுதித் துணைச் சேர்க்கையாகப் பதிவேற்றலாம். ஆடுபவர் விரும்பினால் இறக்கிக்கொள்ளலாம். பராமரிப்பு அதை எழுதியவர் பாடு, மூலக் குழுவின் தலையில் இல்லை.

'ஓப்பன் டி.டி.டி.' என்ற போக்குவரத்து விளையாட்டில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1995-இல் வந்த 'டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்' என்ற விளையாட்டை அடிப்படையாக வைத்து 2004-இல் தொடங்கியது. சரக்குக்கும் பயணிகளுக்கும் போக வேண்டிய ஊரைத் தீர்மானிக்கும் 'கார்கோடிஸ்ட்' என்ற அம்சம் பல வருஷம் வெளியிலேயே தனியாக வளர்ந்தது. ஆடிப் பார்த்தார்கள், திருத்தினார்கள். கடைசியில் 2014-இல் 1.4.0 பதிப்போடுதான் வீட்டுக்குள் வந்தது. வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம் என்கிற விருப்பமாக வந்தது. அதே விளையாட்டில் மூல விளையாட்டின் பழைய சேவ் ஃபைலைக்கூட இன்றும் திறக்கலாம். அந்த வாக்கைக் காப்பாற்ற எத்தனை பேர் எத்தனை முறை சரிபார்த்திருப்பார்கள் என்பது என் போன்ற லெட்ஜர் ஆளுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, எடுத்துவிடுவது. இதற்குத் துணிச்சல் வேண்டும். வெஸ்னாத்தில் கம்ப்யூட்டர் எதிராளியைப் பைத்தான் மொழியில் எழுதிக்கொள்ளும் வசதி இருந்தது. நல்ல வசதிதான். ஆனால் 2009-இல் அதன் பாதுகாப்பு வேலியைத் தாண்டி, கெட்ட எண்ணம் உள்ளவர்கள் அடுத்தவர் கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் இயக்க முடியும் என்று தெரிந்தது. அந்த வசதியையே நீக்கிவிட்டார்கள். பின்னால் லுவா என்ற சிறிய மொழியைக் கொண்டுவந்தார்கள். பூட்ட முடியாத கதவை வைத்திருப்பதைவிடச் சுவர் எழுப்புவது மேல்.

நாலாவது, யாரும் சட்டமாக எழுதி வைக்காவிட்டாலும் அனுபவசாலிகள் கேட்கும் ஒரு கேள்வி. புது யோசனையோடு ஒருவர் வந்தால், "நன்றாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பதில்லை. "இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றும் கேட்கிறார்கள். கணக்குத் திறக்கும்போதே நாமினி பெயர் கேட்பது போல.

என் தங்கை மகன் சொன்னது

இதுவரை சொன்னது படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டது. இனிச் சொல்வது வீட்டு விஷயம். அவனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

காலேஜில் படிக்கும்போது அவன் ஒரு இலவச விளையாட்டுக்கு மழையைச் சேர்த்தான். மழை பெய்தால் படை மெதுவாகப் போகும், சேற்றில் வண்டி மாட்டும். நாலு மாதம் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்கள். வெளியீட்டுக் குறிப்பில் அவன் பெயர் வந்தது. தங்கை அதை எல்லோருக்கும் அனுப்பினாள்.

அதன் பிறகு புகார்கள் வர ஆரம்பித்தன. பழைய கம்ப்யூட்டரில் மழை வந்தால் ஆட்டம் திக்குகிறது. எதிராளிப் படை சேறு என்று தெரியாமல் நேரே போய் மாட்டுகிறது. இருவர் ஆடும்போது ஒருவருக்கு மழை, இன்னொருவருக்கு வெயில். மூன்று வருஷம் அவன் ஒருவனே ஒவ்வொன்றாகத் திருத்தினான். பெங்களூரில் வேலை கிடைத்தது, ஷிஃப்ட். புகார் பட்டியலைத் திறக்கவே பயமாக இருக்கும் என்பான். திறக்காவிட்டால் தூக்கம் வராது என்பான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் தீபாவளிக்கு வந்தவன், "மாமா, அந்த மழையை எடுத்துடப் போறாங்க" என்றான். "விடுடா, காசா பணமா? தொல்லை விட்டது" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பட்டாசுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அதோடு அந்த வேலையையே விட்டுவிட்டான்.

போன வருஷம் அவனிடம் கேட்டேன், எடுத்தது தப்பா என்று. அவன் சொன்னது: "இல்ல மாமா, எடுத்தது சரிதான். பாத்துக்க ஆள் இல்ல. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தராவது, 'இத்தனை நாள் நீ ஒத்தை ஆளா பாத்துக்கிட்டே'ன்னு சொல்லியிருந்தா, நான் இன்னும் அங்கதான் இருந்திருப்பேன்."

அந்த ஒருத்தராக நான் இருந்திருக்கலாம். 37 வருஷம் லெட்ஜர் டேலி செய்து, யாரும் ஒரு வார்த்தை சொல்லாததைப் பார்த்தவன். எனக்கே அன்று வாய் வரவில்லை.

என்னைக் கேட்டால் புதியதா, பராமரிப்பா என்ற சண்டையில் பாதி இங்கேதான் இருக்கிறது. சேர்த்தவருக்குப் பெயர் கிடைக்கிறது, காப்பாற்றுகிறவருக்குக் கிடைப்பதில்லை. பெயர் கிடைக்கிற பக்கம்தான் ஆள் போவார்கள். சம்பளம் இல்லாத இடத்தில் கொடுக்க முடிந்த ஒரே கூலி நன்றிதான். அதைச் சமமாகப் பிரித்துக் கொடுத்தாலே தராசு கொஞ்சம் நேராகும்.

முடிவாக

பி பிளாக் மேடத்துக்கு என் பதில். உங்கள் பையன் அடுத்தவர் தப்பைத் திருத்துகிறான் என்றால், பத்தில் ஒன்பது பேர் தொடாத வேலையை எடுத்திருக்கிறான். பெரிய நிரலில் பிழையைத் தேடிப் பிடிப்பது நல்ல படிப்பும்கூட. ஆனால் ஒரு மணி வரை விழிப்பது வேண்டாம். ராத்திரி பதினொன்றுக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். பிழை காலையிலும் அங்கேயே இருக்கும். முடிந்தால் ஒரு நாள், "இன்னிக்கு எதைச் சரி பண்ணினே?" என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை.

இங்கே இருக்கும் தம்பிகளுக்கு. புதிதாக ஒன்றைச் சேர்க்கும் முன் மூன்று விஷயம் யோசியுங்கள். இரண்டு வருஷம் கழித்து இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? வெளி முற்றத்தில் வைத்து முதலில் சோதிக்க முடியுமா? நான் விலக நேர்ந்தால், அடுத்தவர் விழிக்காதபடி எழுதி வைத்திருக்கிறேனா? விலக வேண்டி வந்தால் சொல்லிவிட்டு விலகுங்கள். சாவிக்கொத்தை ஒப்படைக்காமல் யாரும் டிரான்ஸ்ஃபரில் போகக் கூடாது.

ஆடுகிற நம் எல்லோருக்கும். புகார் எழுதுங்கள், ஆனால் என்னைப் போல முதல் கடிதத்தை எழுதாதீர்கள். எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது, என்ன நடந்தது என்று மட்டும் எழுதினால் போதும். சரியானதும் இரண்டு வரி நன்றி.

நான் இப்போது சனிக்கிழமை மதியங்களில் சோதனைப் பதிப்புகளை ஆடிப் பார்த்து, உடைவதைக் குறித்து அனுப்புகிறேன். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. வரிசையாகக் குறிக்கும் பழக்கம் இருந்தால் போதும், அது நம் போன்ற ஓய்வு பெற்றவர்களிடம் நிறைய இருக்கிறது. சேர விரும்புகிறவர்கள் சி பிளாக் தரைத்தளத்துக்கு வாருங்கள். லேப்டாப் கொண்டு வந்தால் போதும், காபி எங்கள் வீட்டில்.

போன மாதம் தங்கை மகன் வந்தபோது நான் குறித்து வைத்திருந்த நோட்டைப் புரட்டினான். இரண்டு இடத்தில் பென்சிலால் ஏதோ எழுதினான். "இதை இப்படி அனுப்புங்க மாமா, சீக்கிரம் கண்டுபிடிப்பாங்க" என்றான். நான் இந்த முறை நன்றி சொன்னேன்.